விந்துப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு

எனக்கு 43 வயது. சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். கல்யாணம் தாமதமாகத்தான் நடந்தது, இன்னும் குழந்தை இல்லை. விரதம், நாட்டு மருந்து, ஸ்கேன் எல்லாம் என் மனைவிக்குத்தான். அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்த பிறகும் சொந்தக்காரர்கள் அவளைத்தான் குடைந்தார்கள். "ஆம்பளைக்கு வயசெல்லாம் ஒரு கணக்கா?" என்பார் என் அம்மா. அந்தப் பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை. கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு ஈப்போவுக்குப் போனேன்.

பரிசோதனைக்கு முன் குறைந்தது 2 நாள், அதிகபட்சம் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும் என்றார்கள். வீட்டிலேயே எடுத்து வரலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் இருக்க வேண்டும். ஆணுறை, எண்ணெய் எதுவும் கூடாது. முதலில் வருவதில்தான் விந்தணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். டப்பாவின் மேல் பெயரும் எடுத்த நேரமும் எழுதி, சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். உடம்புச் சூடு ஆறக்கூடாதாம். காரை மனைவி ஓட்டினாள், ஏர்கோனை அடைத்துவிட்டு. கவுண்டரில் இருந்த தாதி நேரத்தை மட்டும் பார்த்து வாங்கிக்கொண்டார். வெட்கப்பட அங்கே ஒன்றுமே இல்லை.

ரிசல்ட்டில் எண்ணிக்கை சரியாக இருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் தந்த அளவுப்படி விந்து 1.4 மில்லி லிட்டராவது இருக்க வேண்டும், அசையும் அணுக்கள் 42 விழுக்காடாவது இருக்க வேண்டும். எனக்கு இரண்டுமே குறைவு. டாக்டர் பொறுமையாக விளக்கினார். பெண்ணுக்கு மாதவிலக்கு நிற்பதுபோல ஆணுக்கு ஒரேயடியாக நிற்பதில்லை, அதனால்தான் ஆணுக்கு வயதே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் வயது ஏற ஏற விந்தின் அளவும் அணுக்களின் ஓட்டமும் குறைகின்றன, அணுவுக்குள் இருக்கும் மரபணுவில் சேதம் கூடுகிறது. கரு தங்கத் தாமதமாகும், கலையும் வாய்ப்பும் கூடும்.

எனக்கு இனிப்பு நீரும் (நீரிழிவு) இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அணுக்கள் உருவாகும் விரைகள் உடம்பைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்க வேண்டியவை. லோரி சீட்டில் மணிக்கணக்கில் சூட்டில் உட்காருவதும் நல்லதில்லை என்றார். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார், நானும் இங்கே அழுத்தியே சொல்கிறேன். ஆண்மைக்கு என்று டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். ஹார்மோன் வெளியிலிருந்து வந்தால் மூளை விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும், அணு உற்பத்தியே படுத்துவிடும். எங்கள் ஊரிலேயே இதைச் சிபாரிசு செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஓர் அணு உருவாகக் கிட்டத்தட்ட இரண்டரை மாதம் ஆகும் என்பதால், மறு பரிசோதனை மூன்று மாதம் கழித்துத்தான். அதற்குள் சிகரெட்டை விட்டேன், இனிப்பு நீருக்கு மாத்திரை, சாயங்காலம் நடை. லோரியை நிறுத்தும் இடத்திலெல்லாம் இறங்கி நின்றேன். இரண்டாவது ரிசல்ட்டில் ஓட்டம் கூடியிருந்தது, ஆனால் போதவில்லை. இயற்கையாகவே காத்திருந்தால் வயதும் சேர்ந்து ஓடும் என்று, விந்தைச் சுத்தம் செய்து கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் அது நடக்கிறது. இந்தச் செலவுக்கு ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியவில்லை. டாக்டர் கடிதம், திருமணச் சான்றிதழ் இரண்டையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். அம்மாவிடம் ரிசல்ட்டை நானே படித்துக் காட்டினேன். அதன் பிறகு அவர் மருமகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.