மங்கும் பெயரில்லாத டப்பாவும்

இரண்டாவது மகனைச் சுமந்த ஆறாம் மாதத்தில் என் கன்னங்களிலும் மேலுதட்டின் மேலும் பழுப்புத் திட்டுகள் படர்ந்தன. "மங்கு விழுந்திருக்கிறது, பிள்ளை பிறந்தால் போய்விடும்" என்றார் மாமியார். பெயருக்கேற்றபடி அதுவாகவே மங்கிவிடும் என்று நானும் காத்திருந்தேன். மகன் நடக்கத் தொடங்கிய பிறகும் அது போகவில்லை.

அப்போதுதான் கீழ்மாடி அக்கா ஒரு சிறிய டப்பாவைக் கொடுத்தார். தயாரித்தவர் பெயரோ உட்பொருள் விவரமோ அதில் இல்லை. பத்தே நாளில் முகம் வெளுத்தது. நிறுத்தியதும் திட்டுகள் முன்னைவிடக் கருத்து, எரிச்சலுடன் திரும்பி வந்தன. இத்தகைய களிம்புகளில் பாதரசமோ வீரியமான ஸ்டீராய்டோ கலந்திருக்கலாம் என்று பலதுறை மருந்தக மருத்துவர் சொல்லி, தோல் நிபுணரிடம் அனுப்பினார். பாதரசம் நிறமி உருவாவதைத் தடுப்பதால் தோல் வெளுக்கிறது. ஆனால் அது தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுப்பதோடு, தாயின் கன்னத்தில் முகம் புதைக்கும் குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளும். சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் இவற்றைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது.

ரத்தம் கெட்டுப்போனால் மங்கு விழும் என்று சிலர் சொல்வதுண்டு; இரண்டுக்கும் தொடர்பில்லை. மெலனின் என்னும் நிறமியை உருவாக்கும் செல்கள், கர்ப்பகால ஹார்மோன்களாலோ கருத்தடை மாத்திரையாலோ தூண்டப்பட்டு அளவுக்கு மீறி வேலை செய்கின்றன. பரம்பரையும் வெயிலும் அதற்குத் துணைபோகின்றன. நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே இருக்கும் சிங்கப்பூரில் நண்பகலில் புற ஊதாக் குறியீடு மிகக் கடுமையான அளவான 11ஐத் தொடுவது புதிதல்ல. மெல்லிய மேகமூட்டம் அதை முழுதாகத் தடுப்பதுமில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்குத் திட்டுகளைக் கூட்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயலுள்ள சன்ஸ்கிரீனே நமக்கு ஏற்றது.

இரவில் பூச எனக்குத் தரப்பட்டது நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், தோலைப் புதுப்பிக்கும் டிரெட்டினோயின், மென்மையான ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த களிம்பு. அதிலும் ஸ்டீராய்டு உண்டே என்று கேட்டேன். அளவும் கால வரம்பும்தான் வேறுபாடு என்றார் நிபுணர். ஹைட்ரோகுவினோனை ஆண்டுக்கணக்கில் பூசினால் தோலில் நீலக்கருமை படியக்கூடும். கர்ப்பிணிகளுக்கு இந்தக் களிம்பு ஆகாது. அவர்களுக்கு அசெலாயிக் அமிலக் களிம்பு உண்டு. லேசரைப் பற்றி நான்தான் ஆசையாகக் கேட்டேன்; பழுப்புத் தோலில் அது மங்குத் திட்டுகளை மேலும் கருக்கச் செய்யலாம் என்று மறுத்துவிட்டார்.

எட்டு மாதங்களில் திட்டுகள் பாதிக்குமேல் வெளிறியுள்ளன. டப்பாவின் கதையை அக்காவிடம் சொன்னேன், அவர் நிறுத்திவிட்டார். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும் அவருடைய மகள்தான் இன்னும் பூசிக்கொண்டிருக்கிறாள்.