பாராங் பிடித்த கை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் காவல் வேலைக்கு வரும் பையன்களுக்குத் தற்காப்புப் பயிற்சி கொடுக்கிறேன். வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "மாஸ்டர், கத்தியை எப்படிப் பிடிக்கணும்?" சினிமாவில் வருகிற மாதிரி அலகு கீழே பார்க்கத் திருப்பிப் பிடிக்க எல்லாருக்கும் ஆசை.

திருப்பிப் பிடித்தால் அலகு சுண்டுவிரல் பக்கம் இறங்கும். முன்கையோடு ஒட்டி மறைந்து கிடக்கும், மேலிருந்து இறக்கினால் பலமும் இருக்கும். ஆனால் எட்டும் தூரம் குறைந்துவிடும். கெராம்பிட் என்கிற சின்ன வளைகத்தி வேறு கதை. அந்த வளைந்த அலகும், ஆட்காட்டி விரல் நுழைகிற வளையமும் திருப்பிப் பிடிப்பதற்குத் தோதானவை. அதைப் பார்த்துவிட்டு சமையல் கத்தியில் வித்தை காட்டுவது வீண் வேலை.

அலகு கட்டைவிரல் பக்கம் நிற்கும் நேர்ப்பிடியில் கட்டைவிரலைக் கத்தியின் முதுகில் நீட்டினால் நுனி சொன்னபடி கேட்கும். ஆனால் கை மேல் ஒரு அடி விழுந்தால் பிடி நழுவிவிடும். கட்டைவிரலை மற்ற விரல்கள் மேல் மடக்கிப் பூட்டினால்தான் நிற்கும். நம்மூர் பாராங்கில், அதாவது நீள வெட்டுக்கத்தியில், விரலைத் தடுக்கக் காப்பு கிடையாது. வியர்த்த கையோடு குத்தப் போனால் விரல் அலகுக்கே வழுக்கும். அது வெட்டுவதற்கு என்று செய்த கத்தி.

இதையெல்லாம் வாயால் சொன்னால் ஏறாது. ரப்பர் கத்தியின் ஓரத்தில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, கறுப்பு முழுக்கை டீசட்டை போட்டு எதிரே நிற்கச் சொல்வேன். "பிடுங்கிடுவேன் மாஸ்டர்" என்று பாய்ந்தவனின் கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெள்ளைக் கோடுகள். உள்பக்கக் கோடுதான் மோசம்; விரலை மடக்கும் தசைநாரும் ரத்தக்குழாயும் அங்கேதான் ஓடுகின்றன. தடுக்கக் கை தூக்கினால் உள்ளங்கைப் பக்கம் நம்மைப் பார்க்கட்டும், வெளிப்பக்கம் எதிராளியைப் பார்க்கட்டும். கோட்டைப் பார்த்த பிறகு யாரும் பாய்வதில்லை.

காவலுக்குக் கத்தி கொடுக்கச் சொல்லி நான் கேட்டதே இல்லை. தோட்டத்துக்குள் பாராங்கும் அரிவாளும் வேலைச் சாமான். அதையே காரணமில்லாமல் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இடுப்பில் செருகி நின்றால், ஆபத்தான ஆயுதங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டம் பாயும். டார்ச்சும் நீளக் கம்பும் போதும்.

பிடிகளைச் சொல்லிக்கொடுப்பது எதிராளியின் கையைப் படிக்கத்தான். பாமாயில் தரும் செம்பனை வெட்டிவிட்டு வருகிறவர் பாராங்கைத் தளர்வாகத் தொங்கவிட்டு, கூர்ப்பக்கம் காலில் படாமல் நடப்பார். கத்தி தொடைக்குப் பின்னால் போனாலோ, தோளும் முழங்கையும் இறுகினாலோ பின்வாங்கிவிட வேண்டும். கேட்டைத் திறக்காமல், "அண்ணே, பாராங்கைக் கீழ வச்சிட்டுப் பேசுங்க" என்று சொல்லலாம். வைக்கவில்லையா, கேட் பூட்டியே இருக்கட்டும், போலீசுக்கு போன் போடு.