உட்கார்ந்து எழுவதற்கு ஒரு பயிற்சி

முழங்கால் வலி என்று போன என்னை, இங்கே இங்கிலாந்தின் லீட்ஸில் உள்ள இயன்முறை மருத்துவர் ஒரு நாற்காலியின் முன் நிறுத்தி, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எதையும் பிடிக்காமல் உட்கார்ந்து எழுந்து காட்டச் சொன்னார். சிறிது நேரத்திலேயே தொடை நடுங்கியது. அதையே காலையும் மாலையும் வீட்டில் செய்துவரும்படி ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்து, மிகுந்த கனிவோடு அனுப்பிவைத்தார். அன்றிரவு வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "இன்னாடி சொல்ற, ஒக்காந்து எழுந்துக்கறதுக்குக் கூடவா அந்த ஊர்ல ஆள் வெச்சுக் கத்துத் தர்றாங்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. எழுபதைத் தாண்டிய அவர் இன்றும் அரிவாள்மணையில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து காய் நறுக்கிவிட்டு, கை ஊன்றாமல் எழுந்து அடுப்படிக்குப் போகிறார்.

விடியலில் வாசல் தெளித்துக் குனிந்து கோலம் போடுவது, குத்துக்காலிட்டுப் பாத்திரம் துலக்குவது, பாயில் சம்மணமிட்டுச் சாப்பிடுவது, நெல் காயும் மொட்டை மாடிக்கு நாளெல்லாம் ஏறி இறங்குவது என்று எங்கள் வீட்டில் ஒரு நாளில் உடல் தரைக்கும் நிற்கும் உயரத்துக்கும் இடையே எத்தனை முறை போய்வந்தது என்பதை யாரும் எண்ணியதில்லை, அதற்கு உடற்பயிற்சி என்று பெயர் வைத்ததும் இல்லை. இங்கே கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து பேருந்து இருக்கை, அங்கிருந்து அலுவலக நாற்காலி, மாலையில் சோபா. சுவரோடு சுவராகக் கம்பளம் விரித்த வீட்டில் தரையில் உட்கார ஆள் இல்லை. முழங்காலின் சுமையைப் பெருமளவு தாங்குவது தொடையின் முன்பக்கத் தசைகள்தாம். வயது ஏற ஏற இயல்பாகவே மெலியும் அவை, வேலை கொடுக்காவிட்டால் இன்னும் விரைவாக மெலிகின்றன என்று மருத்துவர் சொன்னதில் எனக்குப் பெரிய வெளிச்சம் கிடைத்தது.

இந்த நாட்டின் அரசு வழிகாட்டுதல்படி, வயதுவந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும். நம்மவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறைக் குறியெண் (பி.எம்.ஐ.) 25ஐத் தாண்டினால்தான் எடை அதிகம் என்பது பொதுவான கணக்கு. தெற்காசியர்களுக்கு நீரிழிவும் இதய நோயும் குறைந்த எடையிலேயே வந்துவிடுவதால் 23லேயே எச்சரிக்கை மணி அடிக்கிறார்கள். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. வெளியே போய் நடக்கலாம் என்றால், டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம் கூட இல்லை; அக்டோபர் முதல் மார்ச் வரை வைட்டமின் டி மாத்திரை நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வெயிலுக்குப் பேர்போன வேலூரிலிருந்து வந்தவளுக்குச் சூரியனை மாத்திரையாகத் தருகிறார்கள் என்று அம்மா அதற்கும் சிரித்தார். கல்லூரி நாட்களில் சித்தியோடு வேலூர்க் கோட்டைக்கு விடியலில் நடக்கப் போவேன். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் நடந்தவர்களின் வேகம், இங்கே எந்தப் பூங்காவிலும் நான் காணாதது.

ஆகவே வீட்டுக்குள்ளேயே செய்வதென்று முடிவெடுத்தேன். கூடத்திலிருந்த டீப்பாயை அப்புறப்படுத்தி, பவானி ஜமுக்காளத்தை விரித்தேன். முதலில் நாற்காலிப் பயிற்சி. தொடை வலுத்த பிறகு நாற்காலியை விலக்கி, அப்பா முற்றத்தில் எடுத்த பஸ்கியை மெதுவாக எடுக்கத் தொடங்கினேன். தண்டாலுக்குத் தோள் இன்னும் இடம் கொடுக்கவில்லை என்பதால் சுவரில் கை ஊன்றிச் செய்கிறேன். இரவுச் சாப்பாட்டையும் ஜமுக்காளத்துக்குக் கொண்டுவந்தேன். கால் மரத்துப் போகிறது என்று முனகிய மகன், இப்போது தன் நண்பர்களையும் கீழே உட்கார வைக்கிறான். இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது, குளிரும் இருட்டும் இனி ஒன்றும் செய்யாது என்று அக்காவிடம் சொன்ன அதே வாரம், ஆடி பிறந்து மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் படங்கள் கைப்பேசியில் வரிசையாக வந்தன. கூழும் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் நினைவில் எழுந்த பிறகு அன்று அலுவலகத்தில் எனக்கு வேலை ஓடவில்லை.

களி கிளறலாம் என்று அன்று மாலை வாங்கிவந்ததுதான் கேழ்வரகு மாவு. நொய்யைக் குழைய வேகவைத்து, அதன்மேல் மாவைக் குவித்துக் கொட்டி, நடுவில் குழி செய்து மூடி, மாவு வெந்த வாசனை வந்ததும் கிளற வேண்டும். மின் அடுப்பின் கண்ணாடிப் பரப்பில் பாத்திரம் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஈரத் துண்டை நான்காக மடித்துத் தரையில் போட்டு, பாத்திரத்தை இறக்கி வைத்து, பழந்துணி சுற்றி இரண்டு பாதங்களாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, பாட்டி செய்தபடியே கட்டையால் அடி வரை குத்திக் கிளறினேன். தோள், முதுகு, வயிறு, தொடை அனைத்துக்கும் ஒரே நேரத்தில் வேலை. கட்டி தட்டாமல் மாவு பளபளவென்று திரண்டு பாத்திரத்தை விட்டுப் பிரிந்து வந்த நொடியில், எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. கையை நனைத்து உருட்டி, நடுவில் குழித்துக் கீரைக் கடைசலை ஊற்றினேன். கத்திரிக்காய்க் குழம்புக்கு மட்டும் எங்கள் வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் வேண்டும். இங்கே கிடைக்கும் வழவழப்பான பெருங்கத்திரிக்காயில் அந்தச் சுவை இல்லை.

கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது 10ஐக் கூடத் தொடாது. ஆனால் களி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நம்மவர்கள் நினைப்பதை நான் ஏற்கவில்லை. அதுவும் மாவுச்சத்துதான். உருண்டை சிறியதாகவும் கீரையும் பருப்பும் மிகுதியாகவும் இருக்க வேண்டும். உழைத்தவர்களின் களியை உட்கார்ந்தே வேலை செய்பவர்கள் அதே அளவில் உண்ண முடியாது. சீரகச்சம்பாவில் செய்த ஆம்பூர் பிரியாணிக்கும் என் வீட்டில் இதே கணக்குதான். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு தட்டு.

இப்போது கை ஊன்றாமல் எழுகிறேன். அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வந்து வள்ளிமலைப் படிகளை நிற்காமல் ஏறப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். ஏறுவது பெரிதில்லை, வரும்போது லீட்ஸில் கிடைக்கும் கேழ்வரகு மாவில் ஒரு பொட்டலம் வாங்கி வா, எப்படி அரைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார்.