சைக்கிளைத் தின்னும் குடும்பம்

சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒரு குடும்பம். தட்டில் சோறில்லை, ரொட்டியில்லை. ஒருவர் சைக்கிள் பாகத்தைக் கடிக்கிறார், குழந்தை கோடரியைச் சப்புகிறது, கீழே நாய் ஒரு பெரிய நட்டை நக்கிக்கொண்டிருக்கிறது. சுவர்த்தாள் முழுக்க ஸ்வஸ்திகா, நடுவில் ஹிட்லர் படம். தலைப்பு: 'ஹுர்ரே, வெண்ணெய் தீர்ந்துபோச்சு!' 1935 டிசம்பரில் ஜெர்மன் கலைஞர் ஜான் ஹார்ட்ஃபீல்ட் போட்டோக்களை வெட்டி ஒட்டிச் செய்த படம் இது. ஆயுதத் தயாரிப்புக்கான மூலப்பொருளுக்கு அந்நியச் செலாவணி போய்க்கொண்டிருந்ததால் ஜெர்மனியில் வெண்ணெய்க்கும் கொழுப்புக்கும் தட்டுப்பாடு. அதற்குச் சமாதானமாக ஹிட்லரின் அமைச்சர் கோரிங், இரும்புத்தாதுதான் ஒரு பேரரசைப் பலப்படுத்தும், வெண்ணெயும் கொழுப்பும் மக்களை அதிகம்போனால் கொழுக்கத்தான் வைக்கும் என்று ஹாம்பர்க்கில் பேசினார். ஹார்ட்ஃபீல்ட் அந்தப் பேச்சை மறுத்து ஒரு வார்த்தை எழுதவில்லை. சரி, இரும்பையே சாப்பிடுங்கள் என்று மேசையில் பரிமாறிவிட்டார்.

சர்வாதிகாரத்துக்கு எதிராகக் கொலாஜ், அதாவது இப்படி வெட்டி ஒட்டும் கலை, ஏன் இவ்வளவு வலுவாக வேலை செய்கிறது என்று கேட்டால் நான் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன். கார்ட்டூனைப் பார்த்ததுமே அது வரைந்தவரின் கருத்து என்று நமக்குத் தெரிந்துவிடும், பிடிக்காதவர் தள்ளிவிட்டுப் போகலாம். போட்டோ அப்படியில்லை, மூளை சந்தேகப்படுவதற்குள் கண் நம்பிவிடுகிறது. நாஜிகளும் அந்த நம்பிக்கையை வைத்துத்தான் தலைவரின் பிம்பத்தைக் கட்டினார்கள். அதே போட்டோவை, அவர்கள் வாயிலிருந்தே வந்த வாக்கியத்தோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தால், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர்களால் சொல்ல முடியாது.

1932 அக்டோபரில் வந்த படத்தைப் பாருங்கள். ஹிட்லர் தன் வழக்கப்படி உள்ளங்கையைப் பின்னால் மடக்கி வணக்கம் செய்கிறார், பின்னால் நிற்கும் முகம் தெரியாத ராட்சச உருவம் அந்தக் கையில் பணக்கட்டை வைக்கிறது. 'என் பின்னால் கோடிகள் நிற்கின்றன' என்பது அவருடைய பெருமை. எந்தக் கோடிகள் என்பதைப் படம் சொல்லிவிடுகிறது. அதற்குச் சில மாதம் முன்னால் வந்த இன்னொன்றில் எக்ஸ்ரே எடுத்ததுபோல ஹிட்லரின் நெஞ்சு, உள்ளே தொண்டையிலிருந்து வயிறுவரை தங்கக் காசுகள், தங்கத்தை விழுங்கித் தகரமாய்ப் பேசுகிறார் என்று ஒரு வரி (ஜெர்மனில் தகரம் பேசுவது என்றால் உளறுவது). அது பெர்லின் தெருக்களில் போஸ்டராகவும் ஒட்டப்பட்டது.

ஹார்ட்ஃபீல்டின் பெயரே ஒரு எதிர்ப்புதான். பிறந்தபோது ஹெல்முட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட். முதல் உலகப்போரில் இங்கிலாந்து மீதான வெறுப்பு ஜெர்மனியில் தலைக்கேறியிருந்த 1916இல், வேண்டுமென்றே ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டார். கேமராவை அவர் அதிகம் தொட்டதில்லை. கிடைத்த பத்திரிகைப் படத்தை வெட்டுவார், கிடைக்காததைப் புகைப்படக்காரரை வைத்து எடுக்கச் சொல்வார், பிறகு ஒட்டு தெரியாதபடி டச்சப் செய்வார். 1930 முதல் 1938 வரை 'ஏ.ஐ.இசட்.' என்ற தொழிலாளர் பட வார இதழுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள் செய்தார். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: கண்காட்சிக்கூடச் சுவருக்காக இல்லாமல், கூலிவேலை செய்பவர் காசு கொடுத்து வாங்கிப் புரட்டும் தாளுக்காக அவர் வேலை செய்தார்.

1933 ஏப்ரலில் நாஜிகளின் எஸ்.எஸ். படை ஆட்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது பால்கனியிலிருந்து குதித்துத் தப்பி, எல்லை மலைகளை நடந்தே கடந்து செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராக் போய்ச் சேர்ந்தார். இதழும் அங்கே போனது, ஆனால் ஜெர்மன் வாசகர்களை இழந்து விற்பனை அடியோடு சரிந்தது. 1934இல் பிராக்கில் நடந்த கேலிச்சித்திரக் கண்காட்சியில் அவர் படங்களைப் பார்த்து ஜெர்மன் தூதரகம் புகார் செய்ய, சிலவற்றை எடுத்துவிட்டார்கள். நாடே கையில் இருக்கும்போது, பக்கத்து நாட்டுச் சுவரில் தொங்கும் ஒட்டுப்படத்துக்கு ஓர் அரசு இப்படிப் பதறியிருக்கிறது!

அப்புறம், சொல்லாமல் விடக்கூடாத ஒன்று இருக்கிறது. ஹார்ட்ஃபீல்ட் உறுதியான கம்யூனிஸ்ட், அவர் கத்தரிக்கோல் மாஸ்கோ பக்கம் திரும்பவே இல்லை. ஸ்டாலின் காலத்துக் கொடுமைகளை நினைக்கும்போது இது எனக்கு உறுத்துகிறது, அவர் படங்கள் எவ்வளவு பிடித்தாலும் உறுத்துகிறது. 1938இல் லண்டனுக்குத் தப்பி ஓடியவர், 1950இல் தனக்கான நாடு என்று நம்பிக் கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பினார். அங்கே, இங்கிலாந்தில் இத்தனை வருடம் இருந்தவர் என்று அவர்மேலேயே சந்தேகம். நாடகாசிரியர் பிரெக்ட் போன்றவர்கள் வாதாடிய பிறகு, 1956இல்தான் அந்த நாட்டுக் கலை அகாடமி அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.