பன்னிரண்டு பேர் பட்டியல்

அந்த அக்காவின் பெயரை அடித்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஒருத்தர் வேண்டாம் என்று சொன்ன பிறகு தேவாலயப் பங்கு அலுவலக எழுத்தர் வேறென்ன செய்ய முடியும்?

பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்துச் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவும் சடங்குக்கான பட்டியல் அது. பங்குக் குடும்பங்களின் சிறு குழுக்களான அன்பியங்களில் எதற்கு எத்தனை பேர் என்ற சண்டை வருடா வருடம் உண்டு. 2016 ஜனவரியில் ரோமிலிருந்து பெண்களையும் சேர்க்கலாம் என்று ஆணை வந்ததும் ஃபாதர், "பாதிப் பாதி போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுத் தவக்காலத் தியானங்களுக்குப் போய்விட்டார். ஊரைச் சமாளிக்க வேண்டியவன் நான்.

பட்டியலில் எப்போதும் முதல் பெயராக இருந்த பெரியவர் முதலில் வந்தார். "பன்னிரண்டு சீடர்ல பொம்பளை யாரு தம்பி? காலங்காலமா இருக்கிறத மாத்துறீங்களே." நான் படித்ததையெல்லாம் கொட்டினேன். பூசைக்குள் இந்தச் சடங்கு வந்ததே 1955இல் போப் பன்னிரண்டாம் பயஸ் புனித வாரத்தைச் சீர்திருத்தியபோதுதான், இந்த ஆணையில் கையெழுத்துப் போட்ட, ரோமில் வழிபாட்டுத் துறைத் தலைவரான கர்தினால் ராபர்ட் சாராவே உங்களைவிடப் பழமைவாதி ஐயா என்று. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. சாமியார் குனிஞ்சு காலைத் தொடும்போது அந்தப் பொண்ணு எங்க பாக்குறது?" என்றார்.

இடம் போகிற கோபத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது, ஏனென்றால் அவருக்கு உண்மையிலேயே மனது சங்கடப்பட்டிருந்தால் அதற்கு என்னிடம் ஆணையும் இல்லை ஆண்டுக்கணக்கும் இல்லை.

புதன்கிழமை கோயில் கூட்டுகிற அக்கா வந்தார். "என் பேரை எடுத்துடுங்க தம்பி."

"ஏன்க்கா, யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்ல, கூச்சமா இருக்கு."

அந்த 'இல்ல' கொஞ்சம் சீக்கிரமாக வந்ததோ என்று அப்புறம் பலமுறை யோசித்திருக்கிறேன். இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டுக் கேட்டு ஒருத்தரைப் பீடத்துக்கு முன்னால் உட்கார வைப்பதும் கட்டாயம்தானே? சமத்துவம் வேண்டும் என்று நினைத்தவன் நான், உட்கார வேண்டியவர் அவர். அந்த இடத்தில் பெரியவரின் பெயரை எழுதினேன். வேறு பெண்ணைத் தேட நேரம் இல்லை. இருந்தது, ஒரு முழு நாள் இருந்தது. ஆனால் பெரிய வியாழனுக்கு முந்தின நாள் பங்கு அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மற்ற ஐந்து பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள், ஒரு சலசலப்பும் இல்லை. அடுத்த வருடம் ஃபாதர் மாற்றலாகி, என்னைவிட வயதில் சின்னவர் பங்குத்தந்தையாக வந்தார். எப்போதும் அங்கிதான், லத்தீன் பாட்டில் ஆசை. "சேர்க்கலாம்னுதானே இருக்கு, சேர்க்கணும்னு இல்லையே" என்று பன்னிரண்டு ஆண்களைக் கேட்டார். ஆணைப்படி அவர் சொன்னதிலும் தப்பில்லை. இளைஞர்கள் வந்தால் சபை மாறும் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

பட்டியல் ஒட்டிய அன்று அக்கா கேட்டார், "இந்த வருஷம் பொம்பளைங்க யாரும் இல்லையா?"

"நீங்கதானேக்கா வேண்டாம்னீங்க?"

"அது போன வருஷம்ல."