அவசரப் பணத்துக்கு ஓர் உச்சவரம்பு

அவசரத்துக்கென்று பணம் எடுத்து வைக்கச் சொல்லாதவர்கள் இல்லை. எவ்வளவு சேர்ந்ததும் நிறுத்தலாம் என்று சொல்பவர்கள்தான் குறைவு. தொகை தெரியாமல் சேமிக்கும் வீட்டில் எவ்வளவு சேர்ந்தாலும் பயம் குறையாது. குழந்தைகள் கேட்கும் கொடைக்கானல் பயணம் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்றே தள்ளிப்போகும். பிறகு ஏதோ ஒரு நாள் பொறுமை விட்டுப்போய், எல்லாச் செலவையும் கிரெடிட் கார்டில் மொத்தமாகச் செய்துவிடுவார்கள். ஆகவே முதல் வேலை, அவசரப் பணத்துக்கு ஓர் உச்சவரம்பைத் தீர்மானிப்பது. அது நிறைந்த பிறகு மாதச் சம்பளத்திலிருந்து அதில் ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம்.

அந்த எண்ணைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். வேலை போனாலும் நிற்காத செலவு எவ்வளவு என்று பாருங்கள். மதுரையில் வாடகை வீட்டில் இருக்கும் நான்கு பேர் குடும்பம், பிடித்தமெல்லாம் போகக் கைக்கு 60,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாடகை 12,000. மளிகை, பால், காய்கறி 13,000. கேஸும் கரண்ட் பில்லும் 2,000. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் அதைப் பாதியாக்கித்தான் எழுத வேண்டும். பெட்ரோல் 3,000. போன், இணையம் 1,200. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் மருந்துக்கு 3,000. வண்டித் தவணை 3,800. பள்ளி வேன் 2,000. கூட்டினால் 40,000. இதில் ஹோட்டல் சாப்பாடு இல்லை, ஓடிடி சந்தா இல்லை, துணிமணி இல்லை. வேலை போன மாதத்தில் இவை தானாக நின்றுவிடும்.

இதை எத்தனை மாதத்தால் பெருக்குவது என்பது வேலையைப் பொறுத்தது. நிரந்தர அரசு வேலை என்றால் 3 மாதம் போதும். தனியார் வேலையில் ஒருவர் மட்டும் சம்பாதித்தால் 6. கணவன் மனைவி இருவரும் வெவ்வேறு நிறுவனங்களில் இருந்தால் 4 போதும். ஒரே நிறுவனத்தில் இருந்தால் ஒரு சம்பளம் போலவே கணக்கிடுங்கள், ஆட்குறைப்பு இருவரையும் ஒன்றாகத் தாக்கலாம். கடை, ஆட்டோ, கான்ட்ராக்ட் வேலை, சீசன் வருமானம் என்றால் 9 மாதத்துக்குக் குறையக் கூடாது. நம் மதுரைக் குடும்பத்தில் ஒரே தனியார் சம்பளம். 6 மாதத்துக்கு 2,40,000 ரூபாய். பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் இன்னொரு லட்சம் சேர்க்கச் சொல்வேன். இருக்கிறது என்றே வைத்து மேலே போவோம்.

அவசரப் பணம் கரைவது பெரும்பாலும் அவசரத்தால் அல்ல. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம், ஐப்பசியில் தீபாவளி, வைகாசியில் வரிசையாகக் கல்யாணம். எல்லாம் வரும் என்று தெரிந்தவை. மாதச் செலவுப் பட்டியலில் இல்லாததால் ஒவ்வொரு முறையும் திடீர்ச் செலவு போலவே வந்து நிற்கின்றன. இதற்குத் தனியாக ஒரு வருடக் கணக்கு வேண்டும். அதே குடும்பத்துக்குப் போட்டுப் பார்த்தால்: பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை 45,000, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 22,000, தீபாவளிக்குத் துணி, பலகாரம், பட்டாசு 20,000, மொய் 15,000, மிக்ஸி, பேன், பிரிட்ஜ் போன்றவற்றின் ரிப்பேருக்கும் மாற்றுவதற்கும் 7,000, வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் 6,000, பொங்கலுக்கு ஊர் போய் வர 5,000. மொத்தம் 1,20,000, அதாவது மாதம் 10,000.

தீபாவளிச் சீட்டு இத்தனை ஊர்களில் ஓடுவதற்குக் காரணமே இந்தத் தேவைதான். யோசனை சரி, இடம்தான் ஆபத்து. பதிவு செய்யாத சீட்டை நடத்துபவர் மூடிவிட்டுப் போனால் பணம் திரும்புவது கடினம். அதையே வங்கியில் ஆர்.டி.யாக, அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பாகப் போடலாம். பள்ளிக்கு மாதம் 3,750, மே மாதம் முதிரும்படி. தீபாவளிக்கு 1,700, செப்டம்பரில் முதிரும்படி. மீதி சுமார் 4,550 தனியான ஒரு சேமிப்புக் கணக்கில். அஞ்சலக ஆர்.டி. இதற்குப் பொருந்தாது, அதன் காலம் 5 வருஷம்.

முதல் வருஷம் இந்தத் திட்டம் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நவம்பரில் தொடங்கினால் மே மாதம் வரை 7 தவணைதான், 26,250 ரூபாய்தான் சேரும். 18,750 குறையும். அங்கேதான் பலர் 'இதெல்லாம் நமக்குச் சரிப்படாது' என்று விட்டுவிடுகிறார்கள். அந்த முதல் வருஷத்துப் போனஸை இந்தப் பள்ளத்தை நிரப்பவென்றே ஒதுக்கிவிடுங்கள். அடுத்த வருஷம் இது தானாகச் சீராகிவிடும்.

மாதச் செலவு 40,000, வருடக் கணக்குக்கு 10,000 போக, மீதி 10,000. இதில் 6,000 அவசரப் பணத்துக்கு, 3,000 சந்தோஷத்துக்கு, 1,000 நீண்டகால முதலீட்டுக்கு என்று பிரிப்பேன். பி.எஃப். ஏற்கெனவே சம்பளத்தில் பிடித்துவிடுவதால் கடைசித் தொகை இப்போதைக்குச் சிறியதாக இருந்தால் பரவாயில்லை. மாதம் 6,000 என்றால் மூன்று வருஷத்தில் 2,16,000. போனஸ் 30,000 என்று கொண்டால், இரண்டாம் மூன்றாம் வருஷங்களில் அதில் பாதியைப் போட்டு 2,46,000 ஆகிவிடும். வட்டியைக் கணக்கில் எடுக்காமலே வரம்பு நிறைந்துவிடுகிறது.

இந்த மூன்று வருஷமும் சந்தோஷச் செலவைப் பூஜ்யமாக்கி, 9,000 வீதம் போட்டு வேகமாக முடித்துவிடலாமே என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். வீட்டில் எல்லோரும் மூன்று வருஷம் எதற்கும் ஆசைப்படாமல் இருக்க வேண்டும் என்பது எழுதிப் பார்க்க எளிது, வாழ்ந்து பார்க்க முடியாதது. வயதும் காத்திருக்காது. முழங்கால் நன்றாக இருக்கும்போதே அம்மாவைப் பழனி மலைக்குக் கூட்டிப்போக வேண்டும். எட்டு வயதுக் குழந்தைக்குக் கடலைக் காட்டும் மகிழ்ச்சி பதினாறு வயதில் வேறு மாதிரிதான் இருக்கும். ஒரே விதிவிலக்கு முதல் 40,000. கையில் ஒரு மாதச் செலவுகூட இல்லாத நிலையில் சந்தோஷக் கணக்கு 1,000 ரூபாயாக இருக்கட்டும். ஐந்தாறு மாதத்தில் அந்தக் கட்டம் கடந்துவிடும்.

கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் வரிசை கொஞ்சம் மாறும். மாதம் 3.5 சதவீத வட்டியில் 40,000 பாக்கி என்றால் வட்டி மட்டும் 1,400, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 252. மாதம் 1,652 ரூபாய் வீணாகப் போகிறது. பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் மினிமம் டியூவை மட்டும் கட்டிக்கொண்டு, மறுபக்கம் 6, 7 சதவீத ஆண்டு வட்டிக்கு டெபாசிட் போடுவதில் அர்த்தமில்லை. ஒரு மாதச் செலவு சேர்ந்ததும் அவசரப் பணத்துக்கான 6,000ஐயும் கார்டுக்குத் திருப்பி, முடித்துவிட்டுத் திரும்புங்கள்.

சந்தோஷத்துக்கான 3,000ஐயும் பிரித்துத்தான் வைக்க வேண்டும். கணவனுக்கு 500, மனைவிக்கு 500. இதற்கு யாரும் யாரிடமும் கணக்குக் கேட்கக் கூடாது. பல வீடுகளில் அம்மாக்கள் அரிசிப் பானையில் ஒளித்துச் சேர்த்த சிறுவாட்டுப் பணம் ஒளிவில்லாமல், உரிமையாகக் கையில் இருக்கட்டும். 1,000 மாதம் ஒருமுறை வெளியே சாப்பிட, சினிமா பார்க்க. மீதி 1,000 பயணத்துக்கு. வருஷத்துக்கு 12,000, அதோடு போனஸின் மறுபாதி 15,000 சேர்ந்தால் 27,000. மே மாதத்தில் மலைக்குப் போனால் இந்தப் பணத்தில் பெரும்பகுதியை அறை வாடகையே தின்றுவிடும். காலாண்டு விடுமுறையில் போனால் அதே அறை குறைவாகக் கிடைக்கும், கூட்டமும் குறைவு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் முறை இருக்கிறது, அதை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். ரயிலில் போவதாக இருந்தால் இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. முன்பு இருந்த 120 நாள் 2024 நவம்பரில் மாறிவிட்டது.

பயணத்துக்குச் சேர்ந்த பணம்தான் பயணத்தின் எல்லை. தவணையில் சுற்றுலா போகாதீர்கள். வட்டியில்லாத் தவணை என்று வருவதிலும் செயலாக்கக் கட்டணமும் வட்டிப் பகுதிக்கு ஜி.எஸ்.டி.யும் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதே போல, சந்தோஷக் கணக்கில் மிஞ்சியதை அவசரக் கணக்குக்கு மாற்றிவிடவும் வேண்டாம். மிஞ்சினால் அடுத்த பயணம் கொஞ்சம் நீளட்டும்.

இனி 2,40,000ஐ எங்கே வைப்பது. ஒரே இடத்தில் வைப்பது தவறு. வீட்டில் ரொக்கமாக 8,000 ரூபாய், அதில் பாதியாவது 100 ரூபாய் நோட்டுகளாக. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் தென்பகுதியில் மின்சாரமும் செல்போன் சிக்னலும் நாள்கணக்கில் இல்லாமல் போயின. அந்த நாள்களில் யுபிஐயை நம்பி எதுவும் வாங்க முடியாது, ஏ.டி.எம்.மும் வேலை செய்யாது. அடுத்து, சம்பளம் வரும் வங்கி அல்லாத வேறொரு வங்கியில் 32,000. அந்தக் கணக்கின் டெபிட் கார்டை வைத்துக்கொள்ளுங்கள், தினசரிச் செலவுக்கான யுபிஐ ஆப்பில் மட்டும் இணைக்காதீர்கள். கண்ணில் தினமும் படும் பணம் தங்காது.

மீதி இரண்டு லட்சம் குறிப்பிட்ட காலத்துக்குப் போடும் வைப்புத்தொகையில் (எஃப்.டி.). ஆனால் ஒரே ரசீதாக அல்ல, 40,000 வீதம் ஐந்தாக. முன்கூட்டியே உடைத்தால் பொதுவாக அரை முதல் ஒரு சதவீதம் வரை வட்டியில் பிடிப்பார்கள், அதுவும் வைத்திருந்த காலத்துக்கு உரிய வட்டியில். ஐந்தாக இருந்தால் தேவைக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம், மற்ற நான்கின் வட்டி அப்படியே ஓடும். வரிச் சேமிப்பு எஃப்.டி. மட்டும் வேண்டாம், 5 வருஷத்துக்கு உடைக்க முடியாது, அதன்மேல் கடனும் கிடைக்காது. வங்கி விழுந்தால் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரை உண்டு என்பதால் இந்தத் தொகைக்கு அந்தக் கவலை இல்லை. லிக்விட் ஃபண்ட் (குறுகியகாலக் கடன் பத்திரங்களில் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: உடனடியாக எடுக்கும் வசதி இருந்தாலும் ஒரு நாளைக்கு 50,000 அல்லது இருப்பில் 90 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதுதான். மற்றது அடுத்த வேலை நாளில்தான் வரும். சனிக்கிழமை இரவு ஆஸ்பத்திரியில் நிற்கும்போது இந்த வித்தியாசம் பெரிது.

கணக்கும் எஃப்.டி.யும் கணவன் மனைவி இருவர் பெயரிலும், 'இருவரில் எவரேனும் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற முறையில் இருக்கட்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த முறையில் இருந்தாலும், ஒருவர் இறந்துவிட்டால் முதிர்வுக்கு முன்பே மற்றவர் எஃப்.டி.யை எடுக்கலாம் என்று இருவரும் முன்னதாகவே தனியாக ஒப்புதல் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வாரிசுகள் எல்லோரின் கையெழுத்தையும் வங்கி கேட்கலாம். எஃப்.டி. போடும் அன்றே கிளையில் கேட்டு முடித்துவிடுங்கள். கூட்டுக் கணக்கு எஃப்.டி.யை ஆப்பிலேயே உடைக்க முடியுமா, கிளைக்கு வர வேண்டுமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

மருத்துவக் காப்பீடு இருந்தும் கையிலிருந்து பணம் போகும் இடங்கள் சில. காப்பீட்டு நிறுவனத்தின் அனுமதி வரும்வரை ஆஸ்பத்திரி கேட்கும் முன்பணம் ஒன்று. கையுறை போன்ற, பாலிசியில் சேராத பொருட்கள் ஒன்று. பெரிய அடி அறை வாடகையில் விழும். பாலிசி ஒரு நாளைக்கு 3,000 வரைதான் தரும் என்றிருக்க, 6,000 ரூபாய் அறை எடுத்தால் அந்த அறைக்கு மட்டும் பாதி குறையாது; மருத்துவர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் பாதியாகக் குறைக்கப்படலாம். மருந்துக்கும் உள்ளே பொருத்தும் சாதனங்களுக்கும் இந்தக் குறைப்பு இல்லை. சேர்க்கும்போதே பாலிசி அளவுக்குள் இருக்கும் அறையைக் கேட்பது ஐம்பதாயிரத்தை மிச்சப்படுத்தக்கூடும். வயதான பெற்றோர் பாலிசிகளில் நாம் 10, 20 சதவீதம் ஏற்க வேண்டிய நிபந்தனையும் இருக்கலாம், படித்துப் பாருங்கள்.

நகை இருக்கிறதே, அதுவே அவசரப் பணம் இல்லையா என்று கேட்டால், அது கடைசி வரிசை. விற்றால் வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்பாது. அடகு வைத்தால் வட்டி கட்ட வேண்டும், அதுவும் வேலை இல்லாத மாதத்தில். ஐந்து எஃப்.டி.யும் தீர்ந்த பிறகு அடகுக் கடைப் பக்கம் போகலாம்.

எது அவசரம் என்பதையும் முன்பே பேசி வைக்க வேண்டும். இன்று செலவழிக்காவிட்டால் உடம்புக்கோ பிழைப்புக்கோ குடியிருப்புக்கோ கேடு வருமா? வேலைக்குப் போகும் வண்டியின் இன்ஜின் ரிப்பேர் அவசரம். ஆடித் தள்ளுபடியில் வாஷிங் மெஷின் அவசரமில்லை. கைமாத்துக் கேட்டு வரும் உறவினருக்கு இதிலிருந்து கொடுக்கவே கூடாது. கொடுக்க மனமிருந்தால், திரும்பி வராவிட்டாலும் தாங்கும் தொகையை நீண்டகாலச் சேமிப்பிலிருந்து கொடுங்கள்.

எடுத்துச் செலவழித்துவிட்டால் அடுத்த சம்பளத்திலிருந்தே நிரப்பத் தொடங்க வேண்டும். வரம்பு நிறைந்த பிறகு அந்த மாத 6,000ஐ நீண்டகால முதலீட்டுக்கு 3,500, சந்தோஷத்துக்கு 2,500 என்று பிரித்துவிட்டிருப்பீர்கள். 40,000 குறைந்தால், நிரம்பும்வரை அந்த 6,000ஐ மட்டும் திருப்பினால் ஏழு மாதத்தில் சரியாகிவிடும். பழைய 3,000ஐத் தொட வேண்டியதில்லை. ஏப்ரல் தோறும் அந்த 40,000 ரூபாய்ப் பட்டியலை எடுத்து, வாடகை ஏற்றம், வேன் கட்டண ஏற்றம் எல்லாவற்றையும் சேர்த்துத் திரும்பக் கூட்டிப் பாருங்கள். மாதச் செலவு 43,000 ஆகியிருந்தால் வரம்பு 2,58,000. எஃப்.டி. வட்டியை எடுக்காமல் விட்டிருந்தால் வித்தியாசத்தில் பெரும்பகுதி அதிலேயே வந்திருக்கும்.