14-இல் நின்ற எண்

நள்ளிரவு தாண்டி ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த எண் 14. டீசலில் கந்தகம் 10 பிபிஎம்முக்குள், அதாவது பத்து லட்சம் பங்கில் பத்துப் பங்குக்குள் இருக்க வேண்டும். சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் நான் பேனல், அதாவது கட்டுப்பாட்டுத் திரை, பார்க்கத் தொடங்கி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் ஷிஃப்டின் மூத்தவர் தஞ்சாவூர்ப் பக்கம், எல்லோருக்கும் அண்ணன்.

"அண்ணே, 14 வந்திருக்கு."

"உலைச் சூட்டை ரெண்டு டிகிரி ஏத்து."

மறுநாள் 13. இன்னும் இரண்டு டிகிரி. அதற்கடுத்த நாள் மறுபடியும் 14.

சிங்கப்பூரில் டீசலுக்கு 2005 டிசம்பரில் 50 பிபிஎம், 2013 ஜூலையில் 10 என்று வரம்பு வந்தது. வெறும் 40தானே குறைத்தார்கள் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். எங்களுக்கு உள்ளே வரும் எண்ணெயில் ஏறக்குறைய 12,000 இருக்கும். ஹைட்ரஜனோடு சேர்த்து உலைக்குள் 350 டிகிரி சூட்டில் வினையூக்கிமேல் ஓடவிட்டால், கந்தகத்தில் பெரும்பகுதி ஹைட்ரஜன் சல்ஃபைடாகக் கழன்று போய்விடும். மிஞ்சுவதுதான் வம்பு.

அந்த வம்புக்காரனுக்கு 4,6-டைமெத்தில்டைபென்சோதயோபீன் என்று பெயர். வாய் வலிக்கும் என்பதால் நாங்கள் 'நாலு-ஆறு' என்போம். மூன்று வளையங்கள் ஒட்டிய மூலக்கூறு, நடு வளையத்தில் கந்தகம். கருவறை வாசலில் துவாரபாலகர் நிற்பதுபோல அதன் இருபுறமும் ஒவ்வொரு மெத்தில் தொகுதி. வினையூக்கி கந்தகத்தைத் தொடப் போனால் இவை இடிக்கும். சுற்றுவழி ஒன்று உண்டு. பக்கத்து வளையம் ஒன்றில் முதலில் ஹைட்ரஜனை ஏற்றினால், தட்டையாக இருந்த மூலக்கூறு நெளிந்து கொடுக்கும், காவல் விலகும். இந்த வேலைக்குக் கோபால்ட் மாலிப்டினம் வினையூக்கியைவிட நிக்கல் மாலிப்டினம் கெட்டிக்காரன். ஆனால் எண்ணெயில் இருக்கும் நைட்ரஜன் சேர்மங்கள் முந்திக்கொண்டு வினையூக்கியில் இடம்பிடித்துவிடும். சரி, சூட்டைக் கூட்டலாம் என்றால், ஓர் அளவுக்கு மேல் ஏறிய ஹைட்ரஜனே திரும்ப இறங்கத் தொடங்கும். அடுப்பைக் கூட்டினால் எல்லாம் வெந்துவிடும் என்கிற சமையல்கட்டு நியாயம் இங்கே பாதி தூரம்தான் வரும்.

ஆக, குற்றவாளி யாரென்று கூட்டத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. வினையூக்கிக்கு வயதாகிவிட்டது, எல்சிஓ (கனமான எண்ணெயை உடைக்கும் அலகிலிருந்து வரும் எண்ணெய்) அதிகம் கலந்துவிட்டோம் என்றார்கள். எல்சிஓவில் நாலு-ஆறு போன்றவை அதிகம் என்பதால் எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அதைக் குறைத்தோம். எண் அசையவில்லை.

அன்று கோப்பியை ஆற்றிக்கொண்டே அண்ணன் கேட்டார்: "மிச்சம் இருக்கறது எந்தக் கந்தகம்னு யாராவது பாத்தாங்களா?"

ஒருவரும் பார்க்கவில்லை. மொத்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாதிரியைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். நாலு-ஆறு இருந்தது. கூடவே, வினையூக்கியைக் கண்டாலே கழன்றுவிடுகிற எளிய கந்தகச் சேர்மங்களும் இருந்தன. முரடன் தப்பலாம், இவை எப்படித் தப்பும்? உலைக்குள்ளேயே போகாமல் வந்திருந்தால்தான்.

உலைக்குப் போகும் எண்ணெயும் உலையிலிருந்து வரும் சூடான டீசலும் ஒரே எக்ஸ்சேஞ்சரில், அதாவது சூடு மாற்றும் கலத்தில், குழாய்ச் சுவருக்கு இருபுறமும் ஓடுகின்றன. போகிற பக்கம் அழுத்தம் அதிகம். ஒழுகினால் கந்தகம் நீக்காத எண்ணெய் நேரே டீசலில் கலக்கும். 12,000 பிபிஎம் எண்ணெய் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு கலந்தாலே 6 பிபிஎம் கூடிவிடும். நாங்கள் சூட்டைக் கூட்டிக் கந்தகத்தில் குறைத்ததையெல்லாம் வளர்ந்துகொண்டிருந்த ஒழுக்கு தின்றிருக்கிறது.

அலகை நிறுத்தி, தண்ணீர் ஏற்றிச் சோதித்தபோது இரண்டு குழாய்கள் கசிந்தன. ஓட்டையைக் கண்ணால் பார்க்க முடியவில்லை, ஈரத்தைத்தான் பார்த்தேன். அவற்றின் இரு முனைகளையும் அடைத்தார்கள். அப்புறம் ஏற்றிய டிகிரிகளை எல்லாம் நானே இறக்கினேன்.

"அண்ணே, 7."

"ஏழும் நாலு-ஆறுதானா?" என்றார், திரும்பிப் பார்க்காமலே.